டொக்டரிடம் போகும் சட்டை

எங்கள் வீட்டு அலுமாரியில் இளநீலச் சட்டையொன்று தனியாகத் தொங்கும். என் கணவர் அதைக் கோயிலுக்குப் போடுவதில்லை. ஹொல்ஸ்டெப்ரோப் பட்டணத்தில் தெரிந்தவர்களின் பிள்ளைக்குக் கலியாணம் என்றாலும் வேறு சட்டைதான் எடுப்பார். இது டொக்டரிடம் போவதற்கென்றே வைத்திருக்கும் சட்டை.

டொக்டரிடம் போகும் நாளில் விடியவே எழும்பிவிடுவார். தலை முழுகுவார். கன்னத்தை இரண்டு தரம் வழிப்பார். பிறகு முகத்துக்குப் பவுடர். கறுத்த முகத்தில் திட்டுத் திட்டாக நிற்காமல், பழகிய கையால் அளவாகப் பூசுவார். நெற்றியில் தெரிந்தும் தெரியாமலும் திருநீறு. அந்தச் சட்டையை நான் இஸ்திரிப் பெட்டியால் மினுக்கினால் அவருக்குப் பிடிக்காது, கழுத்துப்பட்டியில் சுருக்கம் விட்டுவிடுவேனாம். காய்ச்சலில் உடம்பு நடுங்கினாலும் நின்று தானே மினுக்குவார்.

“வருத்தக்காரன் மாதிரியே இல்லை. பொம்பிளை பாக்கப் போற ஆள் மாதிரிக் கிடக்கு” என்பேன்.

“நீர் பேசாமல் வாரும்” என்பார்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் டெனிஷ்காரரின் இந்த மேற்குக் கரை ஊருக்கு வந்த புதிதில் இவருக்குப் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஒருநாள் கையில் கத்தி பட்டு, வேலை முடிந்த கையோடு, குளிக்காமலே டொக்டர் வீட்டுக்குப் போயிருக்கிறார். காத்திருக்கும் அறையில் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் எழும்பிப் போய் யன்னலோரம் வேறு கதிரையில் இருந்துவிட்டாள், அவ்வளவுதான். எழும்பும்போது இவரைப் பார்த்துச் சிரித்தாள் என்றும் சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் இவருக்குத் தாங்க முடியாமல் போனது. வீட்டுக்கு வந்து வெந்நீரில் நின்று, தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் குளித்தார். அதற்குப் பிறகு ஒரு டொக்டரும் தாதியும் இவரை அழுக்காகக் கண்டதில்லை.

அழுக்கு மட்டுமல்ல, உடம்பு வருத்தத்தையும் காட்டமாட்டார். “எப்படி இருக்கிறீர்கள்?” என்று டெனிஷில் கேட்டால் வாயில் ஒரே பதில்தான்: “கோர் ஃபின்ட்.” நல்லாய்ப் போகிறது என்று அர்த்தம். நல்லாய்ப் போகிற ஆள் ஏன் டொக்டரிடம் வந்தார் என்று கேட்டால், மனைவிக்குப் பயம், அதனால் வந்தேன் என்று என் தலையில் போட்டுவிடுவார்.

எங்கள் பழைய டொக்டருக்கு இந்த விளையாட்டெல்லாம் அத்துப்படி. அவர் தேவாலயத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் கல்லு வீட்டில், கீழே அறை ஒதுக்கி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, மேலே குடியிருந்தவர். நெட்டை மனிதர். அதிகம் கதைக்கமாட்டார். இவர் உள்ளே போய் “கோர் ஃபின்ட்” சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்புவார். “வீட்டில் எப்படி?” என்று கேட்பார். நான் சொல்லத் தொடங்குவேன், இவர் முழங்கையால் இடிப்பார், நான் மற்றப் பக்கம் தள்ளியிருந்து சொல்லுவேன். எல்லாம் கேட்டு முடித்து, “சட்டை வடிவாக இருக்கிறது. இப்போது அதைக் கழற்றுங்கள்” என்பார்.

எத்தனையோ வருடமாக அப்படித்தான் ஓடியது. இவருடைய இரத்த அழுத்தம், என் தைராய்டு, மகளின் காதுவலி எல்லாம் அந்த மனிதரின் தலைக்குள் இருந்தன. பிறகு அவர் வயது போய் ஓய்வு பெற்றுவிட்டார். வேறு டொக்டரைத் தேடினார்கள், ஒருவரும் வரவில்லை. வருவார்களா? பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது, வங்கி மூடியாகிவிட்டது, சனி ஞாயிறில் பஸ்ஸும் இல்லை. நாலு பக்கமும் காற்றாலைகளும் பீற்றூட் வயலும் பன்றிப் பண்ணை மணமும்தான். படித்த இளம் பிள்ளைகள் இங்கே குடும்பத்தோடு வந்திருக்க என்ன இருக்கிறது என்று எனக்கே விளங்கும். விடைபெறும் அன்று நான் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். டொக்டர் இரண்டு சாப்பிட்டார். இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, “இவரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றார். சும்மா மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எங்களை அடுத்த பட்டணத்து வைத்திய நிலையத்தில் சேர்த்தார்கள். புதுக் கட்டடம், பெரிய கண்ணாடி, கோப்பி இயந்திரம் எல்லாம் உண்டு. நிரந்தர டொக்டர்தான் இல்லை. ஒரு கிழமைக்கு ஒருவர், இரண்டு கிழமைக்கு ஒருவர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து போவார்கள். போன முறை பார்த்தவரை அடுத்த முறை காண முடியாது. ஒவ்வொரு தரமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கதை சொல்லுகிற ஆளோ “கோர் ஃபின்ட்”.

அங்கே டொக்டரைப் பார்க்க நேரம் எடுப்பதென்றால் காலை எட்டு மணிக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். எட்டு மணிக்கு ஊர் முழுக்க எடுக்கும். எனக்கு வேலை முதியோர் இல்லத்துக் குசினியில். எட்டு மணியென்றால் கஞ்சி கொதிக்கும் நேரம். கைபேசியை மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கஞ்சியைக் கிண்டுவேன். ஒரே பாட்டு திரும்பத் திரும்பப் போகும். இடைக்கிடை ஒரு குரல் வந்து, நீங்கள் வரிசையில் இத்தனையாவது ஆள் என்று சொல்லும். என்னுடைய முறை வருகிற நேரம் பார்த்து யாராவது தட்டை நீட்டுவார்கள். இரண்டு பேரில் ஒருவரைக் காக்க வைக்க வேண்டும். அந்தப் பாட்டை இப்போது எங்கே கேட்டாலும் எனக்குக் கஞ்சி அடிப்பிடிக்கிற மணம் வருகிறது.

இவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். முதலில் படியேறும்போது. பிறகு தபால் பெட்டி வரை போய் வரும்போது. எங்கள் வீட்டு வேலிக்கும் தபால் பெட்டிக்கும் நடுவில் ஒரு பேர்ச் மரம் நிற்கிறது. அதில் கையூன்றி நிற்பார். யாரும் கண்டால் மரத்தை ஆராய்வது போல அண்ணாந்து பார்ப்பார்.

“என்ன செய்யுது உங்களுக்கு?”

“ஒண்டுமில்லை. இந்த மரத்தில ஏதோ பூச்சி கிடக்கு.”

கஞ்சிக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒருநாள் நேரம் எடுத்துவிட்டேன். இவர் குளித்து, வழித்து, பவுடர் போட்டு, நீலச் சட்டையோடு போய், மூச்சைப் பற்றிக் கதைக்காமல் முழங்காலைப் பற்றிக் கதைத்தார். நான் இடையில் புகுந்து மூச்சு என்றேன். டொக்டர் மனம் வருந்தியே சொன்னார்: ஒரு நேரத்துக்கு ஒரு வருத்தம்தான் பார்க்க முடியும், மற்றதற்கு இன்னொரு நேரம் எடுங்கள். முழங்காலுக்கு அப்பியாசம் சொல்லித் தந்தார். வரும் வழியில் காருக்குள் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பீற்றூட் வயலுக்குள் காரை விட்டிருப்பேன்.

இரண்டாம் தரம் வேறு டொக்டர். அன்று முதல் வார்த்தையே மூச்சு என்று நானே சொல்லிவிட்டேன். இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மனைவிக்குக் கொஞ்சம் பயம் என்று சிரித்தார். டொக்டரும் சிரித்தார். “உங்கள் வயதுக்கு நீங்கள் மிகவும் திடமாக இருக்கிறீர்கள்” என்றார். இவர் முன்பு சிகரெட் குடித்தவர் என்று கேட்டறிந்து, சட்டைக்கு மேலாலேயே முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சுக்கு இழுக்கும் மருந்து எழுதினார். அந்த மனிதரில் நான் பிழை சொல்லமாட்டேன். அவருடைய கண்ணே சிவந்து கிடந்தது. அன்று காலை ரயிலில் கொப்பன்ஹேகனிலிருந்து வந்தவராம். அவர் கண்டது பவுடர் போட்ட முகத்தையும் மினுக்கிய சட்டையையும்தான். அதற்கு முந்திய இரவு அந்த முகம் இருந்த நிறத்தை அவர் எப்படிக் காண்பார்?

மூன்றாம் தரம் கட்டடத்துக்கே போகவில்லை. டொக்டர் இல்லை, திரையில் கதைக்கலாம் என்றார்கள். திரையில் கதைப்பதற்கும் இவர் குளித்தார். இடுப்பில் வீட்டுச் சாரம் கட்டியிருந்தாலும் மேலே நீலச் சட்டை. யன்னல் வெளிச்சம் நல்லாய் விழுகிற இடமாகப் பார்த்து இருந்தார். அந்தப் பக்கத்து டொக்டர், மருந்து வேலை செய்கிறது போலத் தெரிகிறதே என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அந்த மாதத்திலேயே இவர் கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று முன்னறைக் கதிரையில் இருந்தபடி நித்திரை கொள்ளத் தொடங்கினார். கால் வீங்கிச் சப்பாத்துக்குள் போகவில்லை. ஹ்விடோவ்ரேயில் இருக்கும் மகளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவள் எப்போதும் போல டெனிஷில் பதில் சொன்னாள்: “அம்மா, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஏன் காத்திருக்கிறீர்கள்?”

“ஆம்புலன்ஸ் இஞ்ச வந்து சேர முதல் உன்ர அப்பா குளிச்சு, சேவ் எடுத்து, சேட்டும் போட்டுக்கொண்டு வாசலில நிண்டு அவையளுக்குக் கைகுடுப்பார்” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். எனக்கு அழவும் பஞ்சியாக இருந்தது. அந்த நாட்களில் எனக்கு இருந்தது பயம் என்றுகூடச் சொல்லமாட்டேன், களைப்புத்தான். வேலை, வரிசை, பாட்டு, புதுமுகம், திரும்ப முதலிலிருந்து. இந்த மனிதர் என் கண்ணுக்கு முன்னால் மூச்சில்லாமல் போகப் போகிறார், அப்போதும் சட்டை மினுங்கும் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை குசினியில் என்னுடைய முறை வந்தது. யாரோ வராமல் விட்டதால் இன்றைக்கே, இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தால் பார்க்கலாம் என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். அடுப்பை அணைத்துவிட்டு ஏப்ரனோடு காரில் ஏறினேன். வழியெல்லாம் ஒன்றைத்தான் யோசித்தேன்: இவர் குளிக்கக் கூடாது.

வீட்டுக்குப் போனதும் குளியலறைக்குள் புகுந்தேன். சவரக் கத்தியையும் பவுடர் டப்பாவையும் ஏப்ரன் பொக்கற்றுக்குள் போட்டேன். அலுமாரியில் தொங்கிய நீலச் சட்டையை எடுத்து வாளியில் போட்டு மேலே தண்ணீர் திறந்துவிட்டேன். நான் செய்தது பிழையென்று இன்றும் நினைக்கவில்லை. இன்னொரு தரம் செய்ய வேண்டி வந்தாலும் செய்வேன்.

இவர் கதிரையில் இருந்தார். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, முன்பக்கத்தில் முதல்நாள் பருப்புக்கறி. முகமெல்லாம் வெள்ளைத் தாடி.

“டொக்டரிட்ட வரச் சொல்லிப் போட்டினம். எழும்புங்கோ.”

“கொஞ்சம் பொறும். குளிச்சிட்டு வாறன்.”

“நேரமில்லை.”

“எங்க என்ர சேட்?”

“ஊறப் போட்டிருக்கிறன்.”

என்னையே பார்த்தார். விளங்கிவிட்டது. “இந்தக் கோலத்திலயோ?” என்றார்.

“ஓம். இந்தக் கோலத்திலதான்.”

“நான் மணப்பன்.”

“மணக்கட்டும்” என்று கத்தினேன். கலியாணம் செய்த நாளிலிருந்து அவரைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. சண்டை பிடிக்க அவருக்கு மூச்சு இருக்கவில்லை. அதனால்தான் வந்தார். வீட்டுச் செருப்போடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

அன்றைக்கு இருந்தது ஓர் இளம் பெண் டொக்டர். கதவைத் திறந்து எங்களைக் கூப்பிட்டவள், இவர் எழும்பி வருகிற வரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கதிரையில் போய் அமரவில்லை. இவர் பழக்கதோஷத்தில் “கோர்…” என்று தொடங்கி, “ஃபின்ட்” வருவதற்குள் மூச்சு முடிந்து நின்றார். அவள் குனிந்து செருப்புக்கு வெளியே பிதுங்கி நின்ற பாதத்தை விரலால் அமத்தினாள். அமத்திய பள்ளம் அப்படியே நின்றது. கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கண்ணை மூடிக் கேட்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, “வீட்டில் எப்படி இருந்தார்?” என்று கேட்டாள்.

எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஒரு டொக்டர் என்னைக் கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். கதிரை, மரம், வீக்கம், இரவில் முகம் போகும் நிறம். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தாமல் சொன்னேன். இவர் முழங்கையால் இடிக்கவில்லை.

அங்கேயே நெஞ்சில் கம்பிகள் ஒட்டிப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் கூப்பிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி தூரம். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் என் கையைச் சுரண்டினார். குனிந்து காதைக் கொடுத்தேன். ஏதோ முக்கியமான விஷயம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“ஒரு சேட் எண்டாலும் கொண்டு வந்திருக்கலாம்” என்றார்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக் கிடந்ததாம். காலிலும் நுரையீரலிலும் தண்ணீர். அங்கிருந்து இன்னும் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வால்வை மாற்றினார்கள். நேரத்துக்கு வந்தீர்கள் என்று ஒருவர் சொன்னார், இவ்வளவு பிந்தியா வருவது என்று இன்னொருவர் கேட்டார். இரண்டுமே உண்மைதான்.

வீட்டுக்கு வந்த பிறகு வெகுநாள் என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு வேண்டும், வேண்டாம் என்பதோடு சரி. ஒருநாள் தேத்தண்ணி கொடுக்கும்போது தானாகச் சொன்னார்: “அந்தப் பிள்ளை என்னைப் பாத்த பார்வை.”

“என்ன பார்வை?”

“பாவம் எண்டு பாத்தவள்.”

“வருத்தக்காரனை அப்பிடித்தான் பாப்பினம்” என்றேன். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மரத்தடியில் நிற்காமல், பழையபடி தபால் பெட்டிக்குப் போய் வரத் தொடங்கினார். கட்டிலில் படுத்தார், குறட்டை விட்டார். குறட்டைச் சத்தம் கேட்டுக்கொண்டு கிடப்பது எவ்வளவு நிம்மதி என்று யாரிடம் சொல்வது? நான் சட்டையைத் தோய்த்து உலர்த்தித் திரும்ப அதே இடத்தில் கொழுவி வைத்தேன். சவரக் கத்தியும் பவுடரும் தங்கள் இடத்துக்குப் போய்விட்டன. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் டொக்டரிடம் போவது முடிகிற காரியமல்ல. இரத்தம் பார்க்க வேண்டும், மருந்துக் குளிசையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். முதல் தவணைக்கு நேரம் எடுத்தேன், வழக்கம் போலக் கஞ்சியும் பாட்டும். அந்தப் பெண் டொக்டர் இருப்பாரா என்று கேட்டேன். அவர் போய்விட்டார், இப்போது வேறொருவர் என்றார்கள்.

போகிற அன்று காலை நான் எழும்பி வரும்போது இவர் முன்னறையில் இருந்தார். அந்தச் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. கன்னத்தில் தாடி. சில நாளாக வழிக்காமல் விட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரியால் வந்த உடம்பு, பஞ்சிப்படுகிறார் என்று விட்டுவிட்டேன்.

“இண்டைக்கு டொக்டரிட்டயெல்லோ? வெளிக்கிடேல்லையோ?”

“வெளிக்கிட்டுத்தான் இருக்கிறன்.”

“சேவ் எடுக்கேல்லை.”

“வேண்டாம்” என்றார். குரலில் கோபம் இல்லை. “புது டொக்டராம். வடிவாப் போனால் நம்பமாட்டினம்.”

நான் அறைக்குள் போய் நீலச் சட்டையைக் கொண்டு வந்தேன். முதல்நாளே நான் மினுக்கி வைத்தது, கழுத்துப்பட்டியில் ஒரு சுருக்கமும் இல்லை. “இதைப் போடுங்கோ. நான் சொல்லுறன் டொக்டருக்கு எல்லாத்தையும், நீங்கள் போடுங்கோ” என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பித் தந்தார்.

“அது கிடக்கட்டும். நேரம் போகுது” என்றார்.

காத்திருக்கும் அறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். காலை வணக்கம் சொன்னோம், அவர்களும் சொன்னார்கள். நடுவில் இரண்டு கதிரை சேர்ந்தாற்போல் காலியாகக் கிடந்தது. இவர் அங்கே போகவில்லை. யாருக்கும் பக்கத்தில் இல்லாத மூலையாகப் பார்த்து, சுவரோரம் போய் இருந்தார். நான் போய் ஒட்டி இருந்தேன்.

“கொஞ்சம் விலத்தி இரும்” என்றார் மெதுவாக. “நான் குளிக்கேல்லை.”

உள்ளே கூப்பிடும்வரை நான் விலத்தவில்லை.